நாலு பேரை எடுத்துவிட்டால் ரிசல்ட் வந்துவிடுகிறது, எடுக்கலாமா?

கேள்வி: நான் உளவியலில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு. நர்சிங் முதலாண்டு மாணவிகள் 64 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எட்டு வாரம் மெதுவாக மூச்சு விடும் பயிற்சி கொடுத்தேன். பரீட்சை பயம் குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. பயிற்சிக் குழுவின் சராசரி 3.7 புள்ளி குறைவாக வந்தது. ஆனால் பி-வேல்யூ 0.07. 0.05-க்குக் கீழே வந்தால்தான் 'சிக்னிஃபிகண்ட்' என்று ஏற்பார்கள். கைடு சார், "பயிற்சியை ஒழுங்கா செய்யாத நாலு பேரை எடுத்துட்டு ரன் பண்ணிப் பாரும்மா" என்றார். எடுத்தால் 0.03 வருகிறது. இணைய வணிக நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், "இன்னும் 20 பேரைச் சேரு, எப்போ 0.05-க்குக் கீழே போகுதோ அப்போ நிறுத்து, நாங்க அப்படித்தான் செய்யறோம்" என்கிறான். ஹாஸ்டலில் என் அறையில் ஒருத்தி இயற்பியல், ஒருத்தி கணிதம். முதலாமவள் 0.05 என்பதே கேலிக்கூத்து என்கிறாள். இன்னொருத்தி, "உங்களுக்கெல்லாம் நிரூபணமே கிடையாதே" என்று சிரிக்கிறாள். ஃபெல்லோஷிப் இன்னும் ஆறு மாதம்தான். என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்:

எடுக்காதீர்கள். அந்த நாலு பேரும் உங்கள் ஆராய்ச்சியில் இருக்க வேண்டியவர்கள். ஏன் என்று சொல்கிறேன். அப்புறம் 0.07-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம், நிறையவே செய்யலாம்.

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்கள் பென் டிரைவை நீட்டும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், ரிசல்ட் வந்ததா இல்லையா என்று. "மேடம், சிக்னிஃபிகண்ட் ஆகலை" என்று சொல்லும்போது, ஏதோ பரீட்சையில் ஃபெயிலானது போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள். புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசும்போது, ஆய்வு முடிந்த பிறகு புள்ளியியல்காரரிடம் வருவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதைப் போன்றது, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்றார். உங்கள் ஆய்வு சாகவில்லை. ஆனால் பிறந்தபோதே கொஞ்சம் எடை குறைவு.

கணக்கைப் பாருங்கள். குழுவுக்கு 32 பேர். மூச்சுப் பயிற்சிக்கு உண்மையிலேயே நடுத்தர அளவு பலன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 32 பேரை வைத்து அதை 0.05-க்குக் கீழே பிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். அதாவது மொத்தமாக எடுத்த 64 பேர் ஒரு குழுவுக்கே தேவைப்பட்டிருப்பார்கள். இதைச் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் சமயத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் தப்பு மட்டும் அல்ல.

0.07 என்றால் என்ன? பயிற்சியால் ஒன்றுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெறும் குலுக்கல் அதிர்ஷ்டத்தால் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வருவதற்கு 100-க்கு 7 வாய்ப்பு. அவ்வளவுதான் அதன் பொருள். 'பயிற்சி பலிக்கவில்லை' என்று அது சொல்லவில்லை. 0.05 வந்திருந்தால் 'பலித்துவிட்டது' என்றும் சொல்லியிருக்காது. 1925-ல் வந்த தன் புத்தகத்தில் ஃபிஷர் 0.05-ஐ வசதியான ஓர் எல்லையாகத்தான் எடுத்துக்கொண்டார். நாம்தான் அதைக் கோயில் வாசற்படி ஆக்கிவிட்டோம்.

இப்போது அந்த நாலு பேருக்கு வருவோம். "ஒழுங்காகச் செய்யாதவர்களை எப்படிச் சேர்ப்பது, அவர்கள் மருந்தே சாப்பிடவில்லையே" என்று உங்கள் கைடு நினைக்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். மருத்துவத்தில் இந்த நியாயம் எப்படி உடைந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்குக் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. சரி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பார்ப்போம் என்று பிரித்தார்கள். 80 சதவீதமாவது விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 24.6 சதவீதம். மாத்திரை வேலை செய்கிறது என்று கை தட்டத் தோன்றுகிறதா? அடுத்து, வெறும் வெற்று மாத்திரை கொடுத்த குழுவிலும் அதே மாதிரி பிரித்துப் பார்த்தார்கள். ஒழுங்காக விழுங்கியவர்கள் 15.1 சதவீதம், விழுங்காதவர்கள் 28.3 சதவீதம். 1980-ல் இது வெளியானது.

மருந்தே இல்லாத மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் அதிக நாள் வாழ்ந்திருக்கிறார்கள். காரணம், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரி ஆள். உங்கள் ஆய்விலும் அதே கதைதான். மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்ட நாலு மாணவிகள் யார்? பயம் அதிகமாகி உட்கார முடியாதவர்களாக இருக்கலாம். நைட் டியூட்டியில் அலைந்தவர்களாக இருக்கலாம். பயிற்சிக் குழுவிலிருந்து அவர்களை எடுத்தால், பயந்தவர்களை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கிறீர்கள். மறுகுழுவிலும் அப்படிப்பட்ட நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கவில்லை என்பதால் அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. குலுக்கிப் பிரித்ததன் புண்ணியம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

இதில் நானும் சூடு பட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரத்த அழுத்த ஆய்வின் டேட்டாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எல்லோருக்கும் மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆன நிலையில் ஒருவருக்கு மட்டும் 210 என்று இருந்தது. 120-ஐ மாற்றி அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் நானே 120 என்று திருத்திவிட்டேன். கணக்கு அழகாக வந்தது. சில வாரம் கழித்து வேறு எதற்கோ பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டியபோது நர்ஸ் கையெழுத்தில் 210 என்றே இருந்தது, பக்கத்தில் 'வறட்டு இருமல், மாத்திரையை நிறுத்திவிட்டார்' என்று ஒரு வரியும். அந்த ஆய்வில் ஒரு டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அந்த ஒரு வரிதான். அதைத்தான் நான் 'சுத்தம்' செய்திருந்தேன்.

அண்ணனின் யோசனை. தினமும் காலையில் டாஷ்போர்டைத் திறந்து, பச்சை விழுந்ததும் ஏ/பி டெஸ்டை (இணையப் பக்கத்தின் இரண்டு வடிவங்களில் எது மேல் என்று பார்க்கும் சோதனை) நிறுத்துவது வணிகத்தில் ரொம்ப சகஜம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது, ஒரே ஒரு தடவை பார்த்தால் 100-க்கு 5 தடவை ஏமாறுவோம். சேரச் சேர ஐந்து தடவை எட்டிப் பார்த்தால் அது 14 ஆகிறது, பத்து தடவை பார்த்தால் 19. புள்ளியியல்காரர்கள் 1969-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். உங்கள் அண்ணன் ஏமாந்தால் பட்டனின் நிறம் தப்பாகப் போகும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார். நீங்கள் ஏமாந்தால் அது பேப்பராகி, யாரோ ஒரு நர்சிங் கல்லூரி அதை நம்பி டைம்டேபிளில் ஒரு பீரியடை ஒதுக்கும். இடையில் எட்டிப் பார்ப்பதே பாவம் என்று சொல்லவில்லை. எத்தனை தடவை, எந்த எல்லையில் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பார்க்கலாம். மருந்து ஆய்வுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள், அதனால் இந்த 64 பேரோடு இன்னும் 20 பேரைக் கலக்க வேண்டாம்.

நாலு பேரை எடுப்பது, 20 பேரைச் சேர்ப்பது, இரண்டு கேள்வித்தாளில் நன்றாக வந்ததை மட்டும் சொல்வது என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம். உங்கள் துறைக்காரர்களே 2011-ல் இதைச் சோதித்தார்கள். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பீட்டில்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டி, அந்தப் பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று புள்ளியியல்படி 'நிரூபித்தார்கள்'. மனநிலை அல்ல, பிறந்த தேதிப்படி வயது! ஒரு பொய்யான எண்ணைக்கூடப் போடவில்லை. இந்த மாதிரி நாலு சின்னச் சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் 'இருக்கிறது' என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாகிறது என்றும் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2015-ல், உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூலத்தில் 97 சதவீதம் சிக்னிஃபிகண்ட், மறுபடி செய்ததில் 36 சதவீதம்தான். யாரோ சிலர் மோசடி செய்ததால் இவ்வளவு வித்தியாசம் வராது. பெரும்பாலும் உங்கள் கைடு மாதிரி நல்ல எண்ணத்தோடு "எடுத்துட்டு ஓட்டிப் பாரும்மா" என்று சொன்னவர்களால் வந்தது.

உங்கள் அறைத்தோழிகளையும் விட வேண்டாம். இயற்பியல் தோழி 0.05-ஐக் கேலி செய்யக் காரணம், அவள் துறையில் கேட்பது 5 சிக்மா. அதாவது வெறும் தற்செயலால் அப்படி வர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அந்த அளவுகோலைத்தான் வைத்தார்கள். அவர்களுக்கு அது தேவை, ஏனென்றால் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறார்கள், வரைபடத்தில் எங்காவது ஒரு மேடு தற்செயலாக எழும்பத்தான் செய்யும். 2015 டிசம்பரில் அப்படி ஒரு மேடு தெரிந்து, அதை விளக்கிக் கோட்பாட்டுக்காரர்கள் 500 பேப்பருக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் டேட்டா வந்ததும் மேடு காணாமல் போனது. அவர்களால் துகள் மோதல்களைக் கோடிக்கணக்கில் உண்டாக்க முடியும். உங்களுக்கு 64 மாணவிகளைப் பிடிப்பதற்கே இரண்டு பிரின்சிபால்களிடம் நடந்திருப்பீர்கள். இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள்: 2011-ல் நியூட்ரினோ என்ற துகள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வந்துவிட்டது என்று இத்தாலியில் அளந்த ஒரு குழு அறிவித்ததே, அதுவும் 5 சிக்மாவைத் தாண்டிய ரிசல்ட்தான். கடைசியில் பார்த்தால் ஒரு ஃபைபர் கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை. லூஸ் கனெக்‌ஷனை எந்தச் சிக்மாவும் கண்டுபிடிக்காது.

கணிதத் தோழி சொல்வது சரி. அவர்கள் உலகம் வேறு. கணித அறிஞர் போல்யா 1919-ல் ஊகித்த ஒரு கூற்று 90 கோடி வரை ஒவ்வோர் எண்ணுக்கும் பொருந்தியது, 906150257 என்ற எண்ணில் உடைந்தது. 64 பேரை வைத்துக்கொண்டு நாம் அவளோடு வாதாட வேண்டாம்.

கைடிடம் பேசும் தைரியம் வேண்டுமென்றால் வானியல் கதை ஒன்றைப் படியுங்கள். 1991-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ லைன் குழு, ஒரு துடிவிண்மீனை (சீராகத் துடிப்பது போல ரேடியோ அலை அனுப்பும் விண்மீன், பல்சர்) ஒரு கோள் சுற்றி வருவதாக அறிவித்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள்! உலகமே பேசியது. சுற்றும் காலம் ஆறு மாதம். எண்ணைப் பார்த்ததும் உறுத்தியிருக்க வேண்டும், பூமியின் ஆண்டில் சரிபாதி. அட்லாண்டாவில் 1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோளைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். அதற்கு முன்பே அவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டார். பூமியின் பாதை முழு வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். அதனால் வரும் மாற்றத்தைச் சரியாகக் கழிக்கவில்லை. கோளே இல்லை. மேடையில் ஏறி அதைத்தான் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அதே கூட்டத்தில் வோல்ஷான் என்பவர் வேறொரு துடிவிண்மீனைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பேசினார், அவை நிஜமாகவே இருந்தன. லைனின் பெயர் கெட்டுவிடவில்லை. பின்னாளில் ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது?

முதலில் உங்கள் சினாப்சிஸையும், எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த பிரதியையும் எடுங்கள். 'புள்ளியியல் பகுப்பாய்வு' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பயிற்சிக்கு முன்பும் பயத்தை அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே 'ஆன்கோவா' (முன் அளவையும் கணக்கில் சேர்க்கும் முறை) என்று எழுதியிருந்து, நீங்கள் சுலபம் என்று இரண்டு குழுவின் சராசரியை மட்டும் ஒப்பிடும் வெறும் டி-டெஸ்ட் போட்டிருந்தால், உங்களுக்கு நியாயமான வழி ஒன்று திறந்தே இருக்கிறது. முன் அளவுக்கும் பின் அளவுக்கும் 0.6 ஒட்டுறவு (கோரிலேஷன்) இருந்தால், முன் அளவைக் கணக்கில் சேர்ப்பதே 64 பேரை ஏறக்குறைய 100 பேராக்கியதற்குச் சமம். ரிசல்ட் 0.05-க்குக் கீழே போகலாம், மேலே ஏறவும் செய்யலாம், எது வந்தாலும் அதுதான் உங்கள் முக்கிய முடிவு. டி-டெஸ்ட் என்றே எழுதியிருந்தால் டி-டெஸ்டே முக்கியம். ஆன்கோவாவை இரண்டாவதாக, 'டேட்டாவைப் பார்த்த பிறகு செய்தது' என்று வெளிப்படையாகச் சொல்லிப் போடுங்கள்.

தீசிஸில் பி-வேல்யூவை மட்டும் எழுதாதீர்கள். '3.7 புள்ளி குறைவு, 95 சதவீத நம்பக எல்லை மைனஸ் 0.3 முதல் 7.7 வரை' என்று எழுதுங்கள் (நம்பக எல்லை என்றால் உண்மையான பலன் இருக்கக்கூடிய வீச்சு; நீங்கள் கொடுத்த எண்களை வைத்து நான் போட்ட கணக்கு, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). படிப்பவருக்கு இதிலிருந்து உண்மை நிலவரம் புரியும்: பலன் அநேகமாக இருக்கிறது, நல்ல அளவிலும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம், பெரிய ஆய்வு தேவை. அந்த நாலு பேர் இல்லாமல் போட்ட கணக்கையும் தனி அட்டவணையாகக் கொடுங்கள், எத்தனை பேர், ஏன் என்று சொல்லி. மறைத்தால்தான் அது தப்பு.

கைடிடம் "நீங்கள் சொன்னது தவறு சார்" என்று போய் நிற்க வேண்டாம். இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். "சார், வைவாவில் எக்ஸ்டர்னல் 64 பேரில் மீதி நாலு பேர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்லலாம்?" என்று கேளுங்கள். எத்திக்ஸ் கமிட்டி ஃபைலில் 64 என்றுதான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு கைடுகள் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரிம்மா, ரெண்டையும் போட்டுடு" என்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரல் கமிட்டியில் இருக்கும் மற்றவரிடம், புகாராக அல்ல, சந்தேகமாகக் கேளுங்கள்.

பேப்பர் பற்றி. தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஜர்னலில் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம், அதை ஆபீசில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹாஸ்டல் பேச்சை நம்பாதீர்கள். 0.07-ஐ யாரும் போட மாட்டார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. ஆய்வு தொடங்கும் முன்பே திட்டத்தை மட்டும் படித்து ஏற்றுக்கொண்டு, ரிசல்ட் எப்படி வந்தாலும் வெளியிடும் முறை 2013-லிருந்து உளவியல் ஜர்னல்களில் பரவியிருக்கிறது. உங்கள் அடுத்த ஆய்வுக்கு அதுதான் வழி. அடுத்த ஆண்டு புது பேட்ச், குழுவுக்கு 64 பேர், தொடங்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்கிறார்கள், அதனால் இப்போது முடிந்த ஆய்வை அங்கே பதிய முயல வேண்டாம்.

பதிவு எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்த பெரிய ஆய்வுகளில், முன்பதிவு வழக்கத்துக்கு வராத 2000-க்கு முன் 30-ல் 17 'பலன் உண்டு' என்றன. அதற்குப் பிறகு 25-ல் 2. இதைக் கைடிடம் இப்போதே காட்ட வேண்டாம், பயந்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. அந்த நாலு பேரின் வரிகளை எஸ்பிஎஸ்எஸ் ஃபைலிலிருந்தே டெலீட் செய்திருந்தால், இன்று ராத்திரியே கேள்வித்தாள்களைப் பார்த்துத் திரும்ப அடித்து, 64 பேர் உள்ள ஃபைலைத் தேதி போட்டு உங்களுக்கே மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்த நாலு மாணவிகளையும் ஒரு தடவை நேரில் பார்த்து, ஏன் பயிற்சியை விட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்திக்ஸ் அனுமதிப் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.